மார்க் இருக்கு, இன்டர்வியூ தான் பயம்!

கேள்வி: அக்கா, ஸ்கூல் கடைசி வருஷம் படிக்கிறேன். பிசியோதெரபி இல்லன்னா நர்சிங் சேரணும்னு ஆசை. மார்க் ஓகே தான், ஆனா மல்டிபிள் மினி இன்டர்வியூன்னு ஒண்ணு வைப்பாங்களாம், நினைச்சாலே வயித்த கலக்குது. எப்படி ரெடி ஆகுறது?

பதில்: தம்பி, உண்மைய சொன்னா இது பல பேர் ஒண்ணா உக்காந்து கேக்குற பழைய பேனல் இன்டர்வியூவ விட நமக்கு நல்லது தான். கனடாவுல மெக்மாஸ்டர் யூனிவர்சிட்டில ஆரம்பிச்ச முறை இது, பொதுவா வரிசையா 6லேர்ந்து 10 ஸ்டேஷன் (ஒவ்வொண்ணும் ஒரு கேள்விக்கான தனி இடம்) வரைக்கும் இருக்கும், கதவுக்கு வெளிய 2 நிமிஷம் கேள்விய படிச்சுட்டு உள்ள போய் 7, 8 நிமிஷம் பேசணும், ஒண்ணுல சொதப்பினாலும் அடுத்த ஸ்டேஷன்ல மார்க் போடுறது வேற ஆளு, அவருக்கு நீ சொதப்பினது தெரியவே தெரியாது.

கேள்வி எப்படி வரும்னா, "கூட படிக்கிறவன் பேஷண்ட் போட்டோவ வாட்ஸப்ல போட்டுட்டான், என்ன பண்ணுவ?" இந்த மாதிரி. உடனே தீர்ப்பு சொல்லிடாத. யாருக்கு என்ன பாதிப்பு, அவன்கிட்ட முதல்ல என்ன பேசுவ, யார்கிட்ட சொல்லணும், எதனாலன்னு வாய்விட்டு யோசிச்சு காட்டு, அவங்க பாக்குறது அதத்தான். மனப்பாடம் பண்ண பதில் ரெண்டே வரில தெரிஞ்சிடும் (கேக்குறவங்களுக்கும் போரடிக்கும்ல). போன்ல டைமர் வெச்சு நீ பேசுறத ரெக்கார்ட் பண்ணி கேளு, கேக்க கூச்சமா தான் இருக்கும், பரவால்ல.

அப்புறம் அந்த "இல்லன்னா" தான் எனக்கு இடிக்குது. ரெண்டும் வேற வேற வேலை. பர்மிஷன் வாங்கி ரெண்டு இடத்துலயும் வேலை பாக்குறவங்க கூட கொஞ்ச நாள் நின்னு பாரு, ஏன் இந்த கோர்ஸ்னு பெரும்பாலும் கேப்பாங்க.