நாலு கிலோ ஏறியது எப்போது?

கேள்வி: அக்கா, எனக்கு 39 வயது. ஊர் பாளையங்கோட்டை. பத்து மாதம் விடாமல் தினம் முக்கால் மணி நேரம் நடந்து, வாயைக் கட்டி, 81 கிலோவிலிருந்து 70-க்கு வந்தேன். ஆவணி தொடக்கத்தில் நாத்தனார் கல்யாணம். மறுவீட்டுச் சொதி, பலகாரம் என்று நாலு நாள் ஓடியது. அடுத்த நாள் மிஷினில் ஏறினால் 72.5! பத்து மாத உழைப்பு நாலு நாளில் போச்சே என்று அழுகையே வந்துவிட்டது. மிஷினைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டேன். தலைதீபாவளி எல்லாம் முடிந்து இறக்கிப் பார்த்தால் 74. இப்போது மைதானத்துக்கு நடக்கப் போகவே கூச்சமாக இருக்கிறது. கார்த்திகை ஒண்ணாம் தேதியிலிருந்து பதினைந்து நாள் வெறும் கொள்ளுக் கஞ்சி மட்டும் குடிக்கலாம் என்று இருக்கிறேன். சரியாக வருமா? சர்க்கரைக்குக் காலையில் ஒரு மாத்திரை போடுகிறேன்.
- பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை

பதில்: தங்கச்சி, கடிதத்தின் கடைசி வரியில் போகிற போக்கில் ஒரு மாத்திரையைச் சொல்லியிருக்கிறீர்களே, முதலில் அதைப் பேசிவிடுவோம். அது என்ன மாத்திரை? மெட்ஃபார்மின் மட்டும்தான் என்றால் பெரிய பயமில்லை. கிளைமிபிரைடு வகை அதில் கலந்திருந்தால், வயிற்றைக் காயப் போட்டுக்கொண்டு மாத்திரையை மட்டும் விழுங்கும்போது சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கிவிடும். கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், கண் இருட்டும். அடுப்படியில் நிற்கும்போது அப்படி வந்தால் என்ன ஆவது? அதனால் கொள்ளுக் கஞ்சித் திட்டத்தை இன்றைக்கே கைவிடுங்கள். இந்த வாரமே டாக்டரைப் பார்த்து, மூன்று மாதச் சராசரி காட்டும் ரத்தப் பரிசோதனை ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். எடை ஏறியிருக்கிறது என்று மறைக்காமல் சொல்லுங்கள். மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்று அவர்தான் பார்க்க வேண்டும்.

சரி, இப்போது அந்த 72.5-க்கு வருவோம். உங்களை அழவைத்த எண் அதுதான், ஆனால் அது சொன்னது உண்மையில்லை.

ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறத்தாழ 7,700 கலோரி. இரண்டரைக் கிலோவும் கொழுப்பாக ஏற வேண்டுமென்றால் பத்தொன்பதாயிரத்துக்கு மேல் வேண்டும், அதுவும் வழக்கமாகச் சாப்பிடுவது போக. உங்கள் உடம்புக்கு ஒரு நாளைக்கு 1,800 கலோரி என்று வைத்துக்கொண்டால், பத்து நாள் சாப்பாட்டை அந்த நாலு நாளில் கூடுதலாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். மூன்று பாலும் பிழிந்து வைத்த சொதியை எத்தனை தடவை கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டாலும் இது நடக்காது. கூடியதில் பெரும்பங்கு தண்ணீர். மாவுச்சத்தை ஈரலிலும் தசையிலும் சேர்த்துவைக்கும்போது உடம்பு ஒரு கிராமுக்கு மூன்று கிராம் தண்ணீரையும் சேர்த்தே பிடித்துவைக்கிறது. பல மாதம் சோற்றைக் குறைத்திருந்த உடம்புக்குத் திடீரென்று நாலு நாள் பந்தி கிடைத்தால் அந்தக் கிடங்கு நிரம்பத்தான் செய்யும். அப்பளம், ஊறுகாய், சிப்ஸில் இருந்த உப்பும் தன் பங்குக்குத் தண்ணீரைப் பிடிக்கும். பேசாமல் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியிருந்தால் ஒரு வாரம், பத்து நாளில் அதில் பெரும்பகுதி தானாக வடிந்திருக்கும்.

நீங்கள் திரும்பவில்லை. மிஷின் பரணுக்குப் போனது, நடையும் நின்றது. உண்மையான ஏற்றம் அதற்குப் பிறகுதான். 70-லிருந்து 74-க்கு நாலு கிலோ, சுமார் 31,000 கலோரி. ஆவணி தொடக்கத்திலிருந்து தீபாவளி கழியும் வரை ஏறக்குறைய 75 நாள். வகுத்துப் பார்த்தால் நாளுக்கு நானூறு கலோரிச் சொச்சம். தோராயக் கணக்குதான், ஆனாலும் பாருங்கள், எவ்வளவு சின்ன எண்! நிறுத்திவிட்ட முக்கால் மணி நேர நடையே அதில் பாதிக்குக் கிட்ட வந்துவிடும்.

மீதி எங்கே என்று நான் ஊகித்துச் சொல்லட்டுமா? அடுக்களை மூலையில் இருக்கும் எவர்சில்வர் டிரம். சீர் போக மிஞ்சிய ஏழு சுத்து முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து. யாரும் உட்கார்ந்து வட்டிலில் வைத்து அதைச் சாப்பிடுவதில்லை. பால் காய்கிறதா என்று பார்க்க வந்த கை மூடியைத் திறக்கும். முழு முறுக்கை எடுக்க மனசு வராது. அடியில் கிடக்கும் உடைசலைத்தானே எடுக்கிறோம் என்று ஒரு பிடி வாய்க்குப் போகும். வேலை முடித்து விளக்கை அணைக்கும் முன்பு அதிரசம் ஒன்று. கல்யாண டிரம் தீருவதற்குள் தலைதீபாவளி டிரம் வந்திருக்கும். என் கணிப்பில் சொதி குற்றவாளியே இல்லை, இந்த டிரம்தான்.

உங்கள் மனசு திடமில்லை என்று மட்டும் நினைக்க வேண்டாம். மெல்போர்ன் ஆராய்ச்சியாளர்கள் 2011-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பத்து வாரக் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் எடை குறைத்தவர்களுக்கு, ஓராண்டு கழிந்த பிறகும் பசியைத் தூண்டும் ஹார்மோன் முன்பைவிடக் கூடுதலாகவே இருந்தது. வயிறு நிறைந்தது என்று சொல்லும் ஹார்மோன்கள் குறைந்தே இருந்தன. பதினோரு கிலோ இறங்கிய உங்களுக்கு, பக்கத்தில் இருக்கிற மதினியைவிட அந்த முறுக்கு கொஞ்சம் சத்தமாகத்தான் கூப்பிடும். பதினைந்து நாள் பட்டினி கிடந்தால் இன்னும் சத்தமாகக் கூப்பிடும். போதாக்குறைக்குப் பட்டினியில் தசையும் கரையும். பிறகு சோற்றைத் தொட்டதும் இதே 72.5 கதை திரும்ப நடக்கும், நீங்களும் திரும்ப அழுவீர்கள்.

கார்த்திகை ஒண்ணாம் தேதி என்று நாள் குறிப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கும் அந்தத் தேதிக்கும் நடுவில் இருக்கிற நாளெல்லாம் 'இனிமே கிடைக்காதே' என்று சாப்பிடுவோம். அடுத்த வேளையிலேயே தொடங்குங்கள். பத்து மாதம் என்ன செய்தீர்களோ அதையே செய்யுங்கள், அது உங்களுக்குப் பலித்த வழி. வட்டிலில் பாதி காயும் கீரையும், சோற்றுக்கு ஒரு அளவுக் கரண்டி, கூடவே பயறோ தயிரோ. கொள்ளுமேல் ஆசை இருந்தால் துவையலாக அரையுங்கள், ரசம் வையுங்கள், நல்லதுதான். கருப்பட்டிக் காப்பி உடம்புக்கு நல்லது என்று மூன்று டம்ளர் குடிக்கிற பழக்கம் இருந்தால், சர்க்கரைக்காரர்களுக்குக் கருப்பட்டியும் சர்க்கரைதான் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊரில் இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், பரவாயில்லை.

மிஷினைப் பரணிலிருந்து இறக்குங்கள். அமெரிக்காவில் எடையைக் குறைத்து அதைத் தக்கவைத்தவர்களை 1994-லிருந்து ஒரு பதிவேட்டில் சேர்த்துக் கவனித்து வருகிறார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் வாரத்துக்கு ஒரு தடவையாவது எடை பார்க்கிறவர்கள். நீங்களும் வாரம் ஒரு நாள், காலையில் வெறும் வயிற்றில் பாருங்கள். விசேஷ வீட்டுக்குப் போய் வந்த வாரத்தில் மட்டும் வேண்டாம், பத்து நாள் கழித்துப் பாருங்கள். மாதவிலக்கு நெருங்கும்போது ஒரு கிலோ கூடக் காட்டினாலும் கண்டுகொள்ளாதீர்கள். தையல் டேப்பால் இடுப்பையும் அளந்து எழுதிவையுங்கள். நம் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது என்கிறார்கள்.

இனி மைதானம். கூட நடக்கிறவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். 'என்னட்டி, திரும்பவும் ஊதிட்டே?' என்று முகத்துக்கு நேராகவே கேட்பார்கள். 'ஆமாக்கா, கல்யாண வீடுல்லா. அதான் திரும்ப வந்துட்டேன்' என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். ரெண்டாவது சுற்றில் பேச்சு அவர்கள் மருமகளிடம் போயிருக்கும். முதல் வாரம் இருபது நிமிடம் போதும், பிறகு பழைய முக்கால் மணிக்கு வரலாம். அடைமழைக் காலம் வேறு. மழை விடாத நாளில் வீட்டுத் தார்சாவிலேயே குறுக்கும் நெடுக்குமாக நடங்கள்.

உங்கள் வீட்டில் இன்னொரு விசேஷம் வரிசையில் நிற்கிறது, தலைப்பொங்கல். பொங்கல்படியோடு பலகாரமும் வைக்கிற வழக்கம் இருந்தால், சீருக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுக்கு மட்டும் சொல்லுங்கள். 'வீட்டுக்கும் இருக்கட்டுமே' என்று கூடுதலாகச் சொல்லும் அந்த நூறு முறுக்கு வேண்டாம். அப்படியும் மிஞ்சினால் ஆளுக்கு ரெண்டு எடுத்து வைத்துவிட்டு, மீதியை அன்று சாயங்காலமே பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தனுப்பிவிடுங்கள். உங்கள் அத்தை முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.