பிரேசில் வளர்ந்துச்சு, காசு யாருக்குப் போச்சு? கேள்வி பதில்

பிரேசில்ல வருமானம் எப்படி பிரியுது, வளர்ச்சிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ஒரே மாதிரி வந்தத எல்லாம் சேர்த்துட்டேன்.

கேள்வி: சார், நாடு வேகமா வளர்ந்தா ஏழைங்களுக்கும் தானா வந்து சேந்துடாதா?

பதில்: அங்கயும் அப்படித்தான் சொன்னாங்க. 1968லேருந்து 1973 வரைக்கும் ராணுவ ஆட்சில வருஷத்துக்கு சராசரியா 10 சதவீதத்துக்கு மேல வளர்ச்சி, "பிரேசில் அதிசயம்"னே அதுக்குப் பேரு. ஆனா 1960 சென்சஸையும் 1970 சென்சஸையும் பக்கத்துல வச்சுப் பாத்தா கினிங்கற ஏற்றத்தாழ்வு அளவு 0.50 கிட்ட இருந்தது 0.57 கிட்ட போயிடுச்சு (எல்லாருக்கும் சமமா கிடைச்சா கினி 0, ஒரே ஆள் மொத்தத்தையும் அள்ளிட்டா 1). அதாவது அதிசயம் ஆரம்பிச்ச கையோட இடைவெளி ஏறியாச்சு. "கேக் முதல்ல பெருசாகட்டும், அப்புறம் வெட்டிக்கலாம்"னு நிதி அமைச்சர் டெல்ஃபிம் நெட்டோ சொன்னதா ஒரு பேச்சு உண்டு, அவர் நான் அப்படி சொல்லலன்னு மறுத்துட்டார். யார் சொன்னா என்ன, நடந்தது அதுதான். தொழிற்சங்கத்த அடக்கி வச்சாங்க, குறைஞ்சபட்ச சம்பளத்த விலைவாசிக்கு பின்னாடியே நொண்ட விட்டாங்க.

கேள்வி: படிப்பு இல்லாததாலதான் இடைவெளி வந்துச்சுன்னு படிச்சேனே?

பதில்: லங்கோனிங்கற பிரேசில் பொருளாதார நிபுணர் அப்படித்தான் வாதாடினார், படிச்ச ஆள் கம்மி அதனால அவங்க சம்பளம் எகிறிடுச்சுன்னு. ஃபிஷ்லோங்கற அமெரிக்க பொருளாதார நிபுணர் அரசாங்கத்தோட சம்பளக் கொள்கைதான் காரணம்னார். ரெண்டுலயும் விஷயம் இருக்கு, ஆனா எனக்கு ஃபிஷ்லோ பக்கம்தான் சாய்வு.

கேள்வி: அண்ணே, பெலிந்தியான்னா எந்த நாடு?

பதில்: அப்படி ஒரு நாடே கிடையாதுப்பா. 1974ல எட்மர் பாஷாங்கற பொருளாதார நிபுணர் பிரேசில மனசுல வச்சு ஒரு கதை மாதிரி எழுதினார், சின்ன பணக்கார பெல்ஜியம் ஒண்ணு பெரிய ஏழை இந்தியாவுக்குள்ள உக்காந்திருக்கு, வளர்ச்சிய கணக்கெடுக்கும்போது பெல்ஜியம் ஆளுங்க சம்பளம் ஏறுனாலே நாடே ஏறுன மாதிரி தெரியுதுன்னு. இதே ஆள்தான் பின்னாடி 1994 ரியால் திட்டத்த போட்ட குழுவுலயும் இருந்தார்.

கேள்வி: ரியால் திட்டம் பணவீக்கத்துக்கு போட்டதுதானே? ஏற்றத்தாழ்வுக்கும் அதுக்கும் என்ன சார்?

பதில்: இதத்தான் பலபேர் கவனிக்க மாட்டேங்கறாங்க. 1993ல பணவீக்கம் வருஷத்துக்கு 2,000 சதவீதத்துக்கும் மேல. சூப்பர்மார்க்கெட்ல ஒருத்தர் லேபிள் மெஷின வச்சுக்கிட்டு பழைய விலை மேலயே புது விலைய ஒட்டிக்கிட்டே வருவார், சம்பளம் வாங்கின அன்னைக்கே ஜனங்க தள்ளுவண்டியோட அவருக்கு முன்னாடி ஓடணும். மாசம் 40 சதவீதம் ஏறுதுன்னு வைங்க, ஒண்ணாந்தேதி 100க்கு பொருள் வாங்கின காசு மாசக் கடைசில 71 அளவுக்குத்தான் தேறும். பேங்க்ல கணக்கு இருக்கறவனுக்கு ராத்திரியோட ராத்திரி வட்டி ஏறி காசு தப்பிச்சிடும், பாக்கெட்ல நோட்டா வச்சிருக்கறவன் மொத்த அடியையும் வாங்குவான். ஓட்டுப் போட்டு யாரும் கொண்டுவராத ஒரு வரி இது, அதுவும் ஏழைங்க மேலதான் அதிகம். 1994 ஜூலைல ரியாலுங்கற புது நாணயம் வந்ததும் இது சட்டுனு நின்னுச்சு.

கேள்வி: போல்சா ஃபமிலியா மாதிரி சும்மா காசு குடுத்தா ஆளுங்க சோம்பேறி ஆயிட மாட்டாங்களா?

பதில்: சும்மா இல்லீங்க. ஏழைக் குடும்பங்களுக்கு மாசாமாசம் காசு குடுக்கற திட்டம் இது, 2003ல அதிபர் லூலா ஆட்சில பழைய திட்டங்கள ஒண்ணாக்கி ஆரம்பிச்சது, பிள்ளைங்க ஸ்கூல் போகணும், தடுப்பூசி போட்டிருக்கணும். கார்டு பெரும்பாலும் அம்மா பேர்லதான். தொகை சின்னது, திட்டத்துக்கு ஆன மொத்த செலவே அந்த வருஷங்கள்ல ஜிடிபில அரை சதவீதம் சுமாருக்குத்தான். அத நம்பி எவன் வேலைய விடுவான்? ஆய்வுகள்லயும் அப்படி பெருசா எதுவும் தெரியல. இன்னொண்ணு, 2001லேருந்து 2014 வரைக்கும் கினி குறைஞ்சதுக்கு முழு பெருமையும் இதுக்கு இல்ல, குறைஞ்சபட்ச சம்பளம் விலைவாசியத் தாண்டி ஏறினதுதான் பெரிய கை. பென்ஷனோட அடிமட்டமும் அந்த சம்பளத்தோட கட்டிப்போட்டது, அதனால கிராமத்து தாத்தா பாட்டி வரைக்கும் போச்சு.

கேள்வி: அதெல்லாம் சீனா சோயாவும் இரும்புத்தாதுவும் வாங்கினதால வந்த அதிர்ஷ்டம்தானே?

பதில்: பாதி உண்மை. காசு அங்கருந்து வந்துச்சு, 2010ல வளர்ச்சி 7.5 சதவீதம். ஆனா அதிசய காலத்துலயும் காசு வந்துச்சே, அப்போ கீழ இறங்கலியே? 2015, 2016 ரெண்டு வருஷமும் ஜிடிபி 3 சதவீதத்துக்கு மேல சுருங்கினப்போ கீழ் தட்டுதான் முதல்ல அடி வாங்குச்சு, அதையும் ஒத்துக்கறேன்.

கேள்வி: கடைசியா ஒண்ணு, 2001ல 0.58 சுமார் இருந்த கினி 2014ல 0.52 கிட்ட வந்துச்சே, அப்போ பணக்காரங்க பங்கு குறைஞ்சுதா?

பதில்: அந்த 0.52 வீடு வீடா போய் கேட்ட சர்வே கணக்கு தம்பி. கோடீஸ்வரன் கதவத் திறந்து உண்மைய சொல்வானா? பின்னாடி வருமான வரி தாக்கல எடுத்துப் பாத்தா மேல இருக்கற 1 சதவீதம் பேர் மொத்த வருமானத்துல கால்வாசி சுமாருக்கு வச்சிருக்காங்க, அந்தப் பங்கு பெருசா அசையவே இல்ல. கம்பெனி லாபத்துல வர்ற டிவிடெண்டுக்கு 1996லேருந்து பல வருஷம் தனிநபர் வரியே கிடையாது, ஆனா சோப்பு வாங்குறவன் விலையோட சேத்து வரி கட்டியாகணும். கீழ உள்ளவன் ஏறினான், அதுக்கான இடத்த நடுவுல இருந்தவன் விட்டுக்குடுத்தான்.