எல்ஃப் தாயின் ஏழரை ஆண்டுகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நண்பர்களுடன் ஆடுவதற்காக ஒரு ஃபேண்டஸி ரோல்பிளேயிங் விளையாட்டின், அதாவது கற்பனைப் பாத்திரங்களாக மாறி ஆடும் விளையாட்டின், உலகத்தை உருவாக்கி வருகிறேன். ஒவ்வோர் இனத்துக்கும் ஆயுளையும் கர்ப்பகாலத்தையும் அட்டவணையாக எழுதியிருக்கிறேன். 80 ஆண்டு வாழும் மனிதன் கருவில் 9 மாதம் இருக்கிறான் என்றால், மனித உருவம் கொண்ட கற்பனை இனமான, 800 ஆண்டு வாழும் எல்ஃப் 90 மாதம், அதாவது ஏழரை ஆண்டு இருக்க வேண்டும் அல்லவா? நண்பர்கள் சிரிக்கிறார்கள். இடுப்புக்கு மேல் மனிதனும் கீழே குதிரையுமான சென்டாருக்கும் முட்டையிடும் டிராகனுக்கும் எத்தனை மாதம் வைக்கலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நண்பர்கள் சிரித்ததில் தவறில்லை. ஆனால் சிரிப்பவர்கள் அட்டவணை போடுவதில்லை; நீங்கள் போட்டிருக்கிறீர்கள். நெடுங்காலம் வாழும் உயிர்களைப் பற்றி நானும் சில நாட்களாக யோசித்துக்கொண்டிருந்ததால் உடனே எழுதுகிறேன்.

முதலில் திட்டிவிடுகிறேன். அந்த ஏழரை ஆண்டும் சுமக்கப்போவது யார்? உங்கள் அட்டவணையில் இனம் இருக்கிறது, ஆயுள் இருக்கிறது, மாதக்கணக்கு இருக்கிறது, தாயைக் காணோம். விகிதம் போடும் முன் நாலைந்து விலங்குகளையாவது பார்த்திருக்கலாம். 60, 70 ஆண்டுகள் வாழும் யானை ஏறத்தாழ 22 மாதம் சுமக்கிறது. நம்மில் பாதி ஆயுளே உள்ள ஒட்டகத்துக்கு 13 மாதம். ஏழு கிராம் எடையுள்ள பிராண்ட் வௌவால் 41 ஆண்டு வாழ்ந்தது பதிவாகியிருக்கிறது. அதைவிடக் கனமான சுண்டெலிக்கு இரண்டு மூன்று ஆண்டுகளே வாய்க்கின்றன.

கர்ப்பகாலத்தைப் பெரிதும் தீர்மானிப்பவை உடலின் அளவும், குட்டி எந்த நிலையில் வெளியே வருகிறது என்பதும்தான். எங்கள் வீட்டுப் பூனை பழைய அட்டைப்பெட்டிக்குள் ஈன்றபோது குட்டிகளின் கண்கள் ஒட்டியிருந்தன, காதுகள் மடிந்திருந்தன. பாலின் வாடையைத் தேடி வயிற்றால் ஊர்ந்தன. அதே நாட்களில் நண்பர் வளர்த்த கினிப்பன்றியும் ஈன்றது. அதன் குட்டிகள் உடல் முழுக்க முடியுடனும் திறந்த கண்களுடனும் பிறந்து, அன்றே ஓடத் தொடங்கிவிட்டன. இரண்டுக்கும் கர்ப்பகாலம் ஏறத்தாழ இரண்டு மாதம்தான், ஆயுளோ பூனைக்கு 15 ஆண்டு, கினிப்பன்றிக்கு எட்டைத் தாண்டுவது அரிது. இதில் உங்கள் விகிதம் எங்கே நிற்கிறது?

எல்ஃபுக்கு மனித உடலையும் மனித இடுப்பையும் கொடுத்திருக்கிறீர்கள். அந்த இடுப்பின் வழியாகத்தான் குழந்தையின் தலை வர வேண்டும். ஆகவே ஒன்பது மாதம், தாராளமாகப் போனால் பத்து.

அப்படியானால் மிச்ச எழுநூறு ஆண்டுகள் எங்கே தெரியும் என்பதுதான் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அது வயிற்றில் தெரியாது; குழந்தைப் பருவத்தின் நீளத்திலும், ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் உள்ள இடைவெளியிலும் தெரியும். ஒராங்குட்டானின் கர்ப்பகாலம் நம்முடையதைவிடச் சற்றுக் குறைவு; ஆனால் அது ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் ஈனுகிறது. கிரீன்லாந்துச் சுறா பருவமடையவே 150 ஆண்டுகள் ஆகலாம் என்று 2016இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

கணக்கில் ஆசை உள்ளவர் நீங்கள். இதைப் போட்டுப் பாருங்கள். எல்ஃப் பெண் நூறு வயதில் தொடங்கி அறுநூறு வயது வரை பத்தாண்டுக்கு ஒரு பிள்ளை பெற்றால் ஐம்பது பிள்ளைகள். மக்கள்தொகை நிலையாக இருக்க, தாய் ஒருத்திக்குச் சராசரியாக இரண்டு பேர் பிழைத்து வளர்ந்து பிள்ளை பெற்றால் போதும். மற்ற நாற்பத்தெட்டுப் பேரும் எங்கே போனார்கள்? அவர்களை நீங்கள் சாகடிக்க வேண்டும். அல்லது பிறப்புகளுக்கு நடுவே நூற்றாண்டுகளை வைக்க வேண்டும். அல்லது ஓர்க்கா திமிங்கிலத்தின் பெண்களைப் போல ஈனும் காலத்தைச் சீக்கிரமே முடித்து, பாட்டியாக நெடுநாள் வாழ வைக்க வேண்டும். மூன்றும் மூன்று வெவ்வேறு உலகங்கள். இரண்டாவதில், தம்பி பிறக்கும்போது அக்காள் தன் மனித நண்பர்களின் பேரப்பிள்ளைகளைக்கூடப் புதைத்து முடித்திருப்பாள். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளேயிங் விளையாட்டின் 2014 பதிப்பில் எல்ஃப் 750 ஆண்டு வரை வாழ்கிறது, உடல் நம்மைப் போலவே வளர்கிறது, நூறு வயதை ஒட்டித்தான் பெரியவராகிறது. வளர்ந்த உடலோடு எண்பது ஆண்டுகள் பிள்ளையாகவே இருப்பதை என்னால் ஏற்க முடிந்ததே இல்லை. உங்கள் அட்டவணையிலிருந்து மாதக்கணக்கை நீக்கிவிட்டு இடைவெளியை எழுதுங்கள். கதை தானாக வரும்.

சென்டாருக்குக் குதிரையின் பதினொரு மாதத்தையே வைத்துக்கொள்ளுங்கள். பிறந்து ஓரிரு மணி நேரத்தில் அதன் நான்கு கால்களும் எழுந்து நின்றுவிடும், மேலே உள்ள மனிதக் கழுத்து நிற்கச் சில மாதங்கள் ஆகும். அதுவரை அந்தத் தலையை யார் பிடித்துக்கொள்வது என்று மட்டும் யோசியுங்கள். டிராகன் முட்டையிடும் என்று நீங்களே எழுதிய பிறகு அதற்குக் கர்ப்பகாலம் கேட்பானேன்? கொமோடோ டிராகன் என்ற நிஜமான பெரிய பல்லியின் முட்டை பொரிய ஏறத்தாழ எட்டு மாதம் ஆகிறது. அதற்கு மேல் உங்கள் விருப்பம்.