கதவு திறக்கும்வரை காசு கொடுக்காதீர்கள்: பெர்லின் டெக்னோ கிளப் பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: செப்டம்பரில் பெர்லினில் நடக்கும் மின்னணுப் பொருள் கண்காட்சிக்கு எங்கள் நிறுவனம் என்னை அனுப்புகிறது. வார இறுதியில் இரண்டு நாள் கூடுதலாகத் தங்கி, டெக்னோ என்ற மின்னணு நடன இசைக்குப் பெயர்பெற்ற பெர்க்ஹைன் கிளப்பைப் பார்த்துவிட எண்ணியிருக்கிறேன். ‘வரிசையில் நிற்க வேண்டாம், நுழைவு உறுதி’ என்று ஓர் இணையதளம் வழிகாட்டியோடு சேர்த்து 120 யூரோவுக்கு விற்கிறது. வாங்கலாமா? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: வாங்காதீர்கள். ஒரு யூரோவை 100 ரூபாய் என்று தோராயமாக வைத்துக்கொண்டாலும், விற்பவரின் கையில் இல்லாத ஒன்றுக்காக நீங்கள் 12,000 ரூபாய் கொடுக்கிறீர்கள்.

பெர்க்ஹைன் 2004-இல் திறக்கப்பட்டது. நகரின் கிழக்கு ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஒரு காலத்தில் வீடுகளுக்கு வெப்பம் வழங்கிய பழைய அனல் நிலையக் கட்டடத்தில் அது இயங்குகிறது. அதன் புகழ்பெற்ற நிகழ்ச்சி சனிக்கிழமை நள்ளிரவில் தொடங்கி, ஞாயிறு முழுவதும் ஓடி, திங்கள் காலையில்தான் முடியும். இந்த வார இறுதி நிகழ்ச்சிக்கு முன்பதிவுச் சீட்டு விற்கும் வழக்கம் அங்கே இல்லை; வரிசையில் நின்று, வாயிற்காவலர் உங்களை ஒருமுறை பார்த்துத் தலையசைத்த பிறகே கட்டணக் கவுன்ட்டருக்குப் போக முடியும். கட்டணமும் 25, 30 யூரோ அளவில்தான் இருக்கும். உங்களுக்கும் கிளப்புக்கும் இடையிலான ஒப்பந்தம் அந்தக் கவுன்ட்டரில்தான் பிறக்கிறது என்பதால், அதற்கு முன்பு யார் எந்தப் பெயரில் பணம் வாங்கினாலும் அது நுழைவுக் கட்டணம் ஆகாது. வரிசைவரை உங்களோடு நடந்து வருவதற்கான கூலி என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அங்கே யாரை உள்ளே விடுவது என்பது இட உரிமையாளரின் உரிமை. பல ஆண்டுகளாக அந்த வாசலின் முகமாக அறியப்படும் ஸ்வென் மார்க்வார்ட் ஒரு புகைப்படக் கலைஞரும்கூட. கூட்டத்தில் யாரும் பார்வையாளராக மட்டும் நிற்காமல், ஆடவும் கேட்கவும் வந்தவர்களாக இருக்க வேண்டும் என்பதே வாசலில் நடக்கும் தேர்வின் நோக்கம் என்பார்கள். இந்தத் தேர்வை நான் ரசிக்கிறேன் என்று சொல்ல மாட்டேன். ஆயினும், சுற்றுலா வழிகாட்டியின் பின்னால் எட்டுப் பேராக வந்து நிற்பது அந்த வாசலில் நிராகரிப்பை நீங்களே கேட்டு வாங்குவதற்குச் சமம். தனியாகவோ இருவராகவோ செல்லுங்கள். அன்று யார் இசைக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு செல்லுங்கள். சனி நள்ளிரவு நெரிசலுக்குப் பதிலாக ஞாயிறு பகலில் செல்லுங்கள். அப்படியும் திருப்பி அனுப்பினால் உங்களுக்கு நட்டம் ரயில் கட்டணம் மட்டுமே.

பணத்தை ஏற்கெனவே கட்டிவிட்ட வாசகர்களும் இருக்கக்கூடும். ‘நுழைவு உறுதி’ என்ற வாசகம் தெரியும் பக்கத்தையும் நிபந்தனைகளையும் திரைப்பிடிப்பாகச் சேமித்து வையுங்கள். வாக்களித்த சேவை கிடைக்கவில்லை என்று கூறி, அட்டை வழங்கிய வங்கியிடம் அந்தப் பரிவர்த்தனையை எதிர்த்து மனுச் செய்யலாம். விற்றவர் இந்தியாவில் உள்ள பயண முகவர் என்றால் வழி இன்னும் எளிது: 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யுங்கள். பிறகு தேவைப்பட்டால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அதற்குக் கட்டணமும் இல்லை.

கேள்வி: ‘அண்டர்கிரவுண்ட் கிளப்’ என்கிறார்களே, அது உண்மையிலேயே நிலத்துக்கு அடியில்தான் இருக்குமா? ஒருவர் இசைத்தட்டு ஓட்டுவதைக் கேட்க 30 யூரோ தருவது நியாயமா என்று என் கணவர் கேட்கிறார். (மதுரை வாசகி)

பதில்: அந்தச் சொல் பெரும்பாலும் பெருவணிகத்துக்கு வெளியே வளர்ந்த இசையைக் குறிக்கிறது, ஆனால் பெர்லினில் நேர்ப்பொருளும் பொருந்தும். நகரை இரண்டாகப் பிரித்த பெர்லின் சுவர் இடிந்த பிறகு கிழக்குப் பகுதியில் உரிமையாளர் யாரென்றே தெரியாமல் கிடந்த கட்டடங்களில்தான் இந்தக் கிளப்புகள் முளைத்தன. 1991-இல் தொடங்கிய டிரெசோர், வெர்ட்ஹைம் என்ற பழைய பல்பொருள் அங்காடியின் நிலத்தடிப் பெட்டக அறையில் நடந்தது. அதன் பெயருக்கே பெட்டகம் என்றுதான் பொருள். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்துக் கறுப்பின இளைஞர்கள் உருவாக்கிய இசை, அந்தத் துருப்பிடித்த இரும்புப் பெட்டிகளுக்கு நடுவே இரண்டாவது வீட்டைக் கண்டது. 2005-இல் இடத்தைக் காலி செய்ய நேர்ந்து, 2007-இல் கோப்பெனிக்கர் தெருவில் உள்ள பழைய மின்நிலையத்துக்கு மாறியபோது, அந்தப் பெட்டிகளையும் கம்பிக் கதவுகளையும் கூடவே எடுத்துச் சென்றார்கள். நீண்ட கான்கிரீட் சுரங்கவழியில் நடந்து சென்றால், கம்பிகளுக்குப் பின்னால் புகைமூட்டத்தில் நின்று இசைப்பவரின் நிழலுருவம் மட்டும் தெரியும்.

உங்கள் கணவர் கேட்ட கேள்வியை ஜெர்மனியின் வரித்துறையும் கேட்டது. கிளப் இரவு வெறும் கேளிக்கை என்றால் நுழைவுக் கட்டணத்துக்கு 19 விழுக்காடு வரி. கச்சேரி என்றால் 7 விழுக்காடு. வழக்கு நீதிமன்றம் ஏறியது. இசைப்பவர் தட்டுகளை வெறுமனே ஓட்டாமல் கருவிகளின் துணையோடு புதிய ஒலியை அங்கேயே உருவாக்குவதால், மக்கள் முதன்மையாக இசைக்காகவே வரும் டெக்னோ நிகழ்ச்சிகள் கச்சேரியை ஒத்தவையாகலாம் என்று 2020-இல் அந்நாட்டின் உச்ச வரி நீதிமன்றம் ஏற்றது. 2024-இல் பெர்லின் டெக்னோ பண்பாடு ஜெர்மனியின் தேசிய மரபுப் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. எட்டு மணி நேரம் கேட்கப் போகிறவருக்கு 30 யூரோ மிகையில்லை. ஒரு மணி நேரம் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புபவருக்கு மிகைதான்.

கேள்வி: வேறொரு கிளப்பின் நிகழ்ச்சிக்கு இணையத்தில் இரண்டு சீட்டுகள் வாங்கினேன். விமானத் தேதி மாறிவிட்டது. ஐரோப்பாவில் இணையத்தில் வாங்கியதை 14 நாட்களுக்குள் ரத்து செய்யலாம் என்று படித்திருக்கிறேன். பணம் திரும்புமா? (சென்னை வாசகர்)

பதில்: திரும்பாது. 14 நாள் உரிமை உண்மைதான். ஆனால் குறிப்பிட்ட நாளில் நடக்கும் பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளின் சீட்டுகளுக்கு அந்த விதியிலேயே விலக்கு இருக்கிறது. இடைத்தரகு இணையதளம் வழியே வாங்கினாலும் விலக்கு பொருந்தலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2022-இல் கூறிவிட்டது. அமைப்பாளரே நிகழ்ச்சியை ரத்து செய்தால் மட்டும் சீட்டுத் தொகையைத் திரும்பப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. இப்போது நீங்கள் செய்யக்கூடியது, வாங்கிய தளத்திலேயே அதிகாரபூர்வ மறுவிற்பனை வசதி இருக்கிறதா என்று பார்ப்பதுதான். ரெசிடென்ட் அட்வைசர் போன்ற தளங்களில் அது உண்டு. சமூக ஊடகக் குழுக்களில் விற்க முயல வேண்டாம். பெயர் அச்சிட்ட சீட்டைப் பிறர் கொண்டுபோனால் வாசலில் சிக்கல் வரும்.

கேள்வி: ஸ்டுட்கார்ட்டில் படிக்கிறேன். ஒரு கிளப்பில் என்னோடு வந்த இரண்டு ஜெர்மானிய நண்பர்களை உள்ளே விட்டுவிட்டு, அதே போன்ற உடையில் இருந்த என்னை மட்டும் ‘இன்று இல்லை’ என்று அனுப்பிவிட்டார்கள். நிறத்தால்தான் என்று தோன்றுகிறது. ஏதாவது செய்ய முடியுமா? (மாணவர்)

பதில்: முடியும், ஆனால் காலக்கெடு குறுகியது. வாசலில் காரணம் சொல்லாமல் மறுப்பது சட்டப்படி குற்றமில்லை என்பதைப் பலர் ‘எந்தக் காரணத்துக்கும் மறுக்கலாம்’ என்று தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 2006-இல் வந்த சமத்துவ நடத்தைச் சட்டம், இனத்தையோ பூர்வீகத்தையோ காரணமாக வைத்துச் சேவையை மறுப்பதைத் தடை செய்கிறது. உங்கள் கோரிக்கையை நிகழ்ந்த நாளிலிருந்து இரண்டு மாதங்களுக்குள் கிளப்புக்கு எழுத்தில் அனுப்பிவிட வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிட்டுப் பின்னர் வருந்துபவர்களே அதிகம்.

பாகுபாட்டைக் காட்டும் அறிகுறிகளை நீங்கள் நிறுவினால் போதும். அதன் பிறகு பாகுபாடு நடக்கவில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு எதிர்த்தரப்புக்குப் போய்விடும். ஆகவே இன்றே உட்கார்ந்து, நேரம், காவலர் சொன்ன சொற்கள், அணிந்திருந்த உடை, உங்களுக்கு முன்னும் பின்னும் உள்ளே சென்றவர்கள் ஆகியவற்றை எழுதி, நண்பர்கள் இருவரிடமும் கையொப்பம் வாங்குங்கள். உங்கள் நகரத்து நீதிமன்றத்திலேயே முன்னுதாரணம் இருக்கிறது: டிஸ்கோ ஒன்றில் நிறத்தின் காரணமாக அனுமதி மறுக்கப்பட்ட கறுப்பின இளைஞர் ஒருவருக்கு 900 யூரோ இழப்பீடு வழங்க 2011-இல் ஸ்டுட்கார்ட் மேல்முறையீட்டு நீதிமன்றம் உத்தரவிட்டது. ஜெர்மன் நடுவண் அரசின் பாகுபாட்டு எதிர்ப்பு அலுவலகம் கட்டணமின்றி ஆலோசனை தருகிறது. வழக்கறிஞரிடம் போகும் முன் அதனிடம் பேசுங்கள்.

இதே கேள்வியை வயதை வைத்துக் கேட்பவர்களுக்கு என்னால் இவ்வளவு நம்பிக்கை தர இயலாது. மியூனிக்கில் ஒரு திறந்தவெளி நிகழ்ச்சியில் வயது முதிர்ந்த தோற்றத்தால் திருப்பி அனுப்பப்பட்ட 44 வயதுக்காரரின் வழக்கு 2021-இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. வருபவர்களைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தே அனுமதிக்கும் அத்தகைய நிகழ்ச்சி, வயதுப் பாகுபாட்டைத் தடுக்கும் விதியின் வரம்புக்குள் வராது என்பது தீர்ப்பின் சாரம்.

கேள்வி: உள்ளே செலவு எப்படி இருக்கும்? அட்டை போதுமா? (கோயம்புத்தூர் வாசகரே தொடர்ந்து கேட்டது)

பதில்: ரொக்கம் கொண்டுபோங்கள். அட்டையைத் தொடாத கிளப்புகள் பெர்லினில் இன்றும் உண்டு. வாசலுக்கு அருகில் நிற்கும் தனியார் ஏடிஎம்கள் கட்டணத்தைத் தாராளமாகப் பிடிக்கும். அதோடு ‘ரூபாயில் கணக்கிடவா?’ என்றும் கேட்கும். அதற்கு ‘வேண்டாம், யூரோவிலேயே’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். புறப்படுவதற்கு முன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டை இயக்கிவிடவும் மறக்க வேண்டாம்; 2020 முதல் புதிய அட்டைகளில் அது மூடியே வருகிறது.

நான் சென்ற இரவில், முதலில் கைப்பேசியின் முன்னும் பின்னும் உள்ள கேமராக்களின் மேல் சிறு ஒட்டுத்தாளை ஒட்டினார்கள். மேலங்கி வைப்பிடத்தில் சில யூரோ வாங்கிக்கொண்டு எண் பொறித்த வில்லை ஒன்றைக் கொடுத்தார்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு பொருளைக் காப்பதால் அது ஒரு ஒப்பந்தமே. ‘உடைமைகளுக்கு நாங்கள் பொறுப்பல்ல’ என்று பலகை மாட்டினாலும், பெரும் கவனக்குறைவுக்கான பொறுப்பிலிருந்து அவர்கள் தப்ப முடியாது. ஆனால் வில்லையைத் தொலைத்தால் நீங்கள்தான் கடைசிவரை காத்திருக்க வேண்டும். ஆகவே அதைக் காலுறைக்குள் செருகிக்கொண்டேன், அதிகாலையில் உள்ளங்காலில் அதன் எண் பதிந்திருந்தது.

பாட்டில் வாங்கும்போது விலைக்கு மேல் ஒரு யூரோ அளவில் கூடுதலாகக் கேட்பார்கள். அது ஏமாற்று அல்ல, டெபாசிட். நீலகிரியில் தொடங்கி டாஸ்மாக் கடைகளில் காலி பாட்டிலுக்கு 10 ரூபாய் திருப்பித் தருகிறார்களே, அதே ஏற்பாடுதான். சில இடங்களில் பாட்டிலோடு தரும் வில்லையையும் சேர்த்துக் கொடுத்தால்தான் பணம் வரும். மது அருந்தாதவர்களுக்கு ஒரு செய்தி: ஜெர்மனியின் உணவகச் சட்டப்படி, மது விற்கும் இடத்தில் குறைந்தது ஒரு மதுவற்ற பானமாவது மிக மலிவான மதுவைவிட விலை கூடாமல் இருக்க வேண்டும். விலைப்பலகையில் அதைத் தேடிப் பாருங்கள்.

வெள்ளி, சனி இரவுகளில் சுரங்க ரயில் விடிய விடிய ஓடுவதால் டாக்சி தேவையில்லை. தாள் சீட்டை நடைமேடைப் பெட்டியில் முத்திரையிட மறந்தால் 60 யூரோ தண்டம். அது கிளப் கட்டணத்தைவிட அதிகம்.

கேள்வி: காது அடைப்பான் வாங்குவது அவசியமா? எதை வாங்குவது? (சேலம் வாசகி)

பதில்: இந்தப் பயணத்தில் நான் தயங்காமல் பரிந்துரைக்கும் ஒரே செலவு அதுதான். ஜெர்மனியில் பார்வையாளர்களைக் காக்க வகுத்த தரநிலையே அரை மணி நேர சராசரியாக 99 டெசிபல் ஒலியளவு வரை இடம் தருகிறது. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் பாதுகாப்பு என்றும், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும் என்றும் கணக்கிடும் தொழில்நல அளவுகோலின்படி, 100 டெசிபலில் உங்களுக்குக் கிடைப்பது கால் மணி நேரம்.

மருந்துக் கடையில் கிடைக்கும் நுரைப்பஞ்சு அடைப்பான் மலிவு. பல கிளப்புகளின் மதுக்கூடத்திலும் கேட்டால் கிடைக்கும். ஆனால் அது உயர்ந்த ஒலிகளை அதிகமாக விழுங்கி, இசையைப் போர்வைக்குள்ளிருந்து கேட்பது போலாக்கிவிடும். இசை கேட்பதற்கென்றே வடிகட்டியுடன் செய்த சிலிகோன் வகை, எல்லா ஒலிகளையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைக்கும்; மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். உறையில், எத்தனை டெசிபல் குறையும் என்று காட்டும் எஸ்என்ஆர் என்ற எண்ணைப் பாருங்கள். 20 என்றிருந்தால் 99 டெசிபல் ஏட்டளவில் 79 ஆகும். காதில் சரியாகப் பொருந்தாவிட்டால் பலன் அதைவிடக் குறையும். நுரைப்பஞ்சு வகைதான் கையில் இருக்கிறது என்றால், விரல்களால் மெல்லியதாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செருகி, அது விரியும்வரை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். இதை வாசலில் அல்ல, விடுதி அறையில் விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை பழகிக்கொண்டு புறப்படுங்கள்.