நான்கு நிமிட இசைக்கு இவ்வளவு பெரிய ஆர்கெஸ்ட்ரா எதற்கு?

அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் ஆடம்ஸின் ‘ஷார்ட் ரைட் இன் எ ஃபாஸ்ட் மெஷின்’ பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். யாரோ ஒருவர் கட்டையைத் தட்டிக்கொண்டே இருக்கிறார், நான்கு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது, இதற்கு ஏன் இத்தனை பேர் என்று. அந்தக் கட்டையைத் தட்டியவர்களில் நானும் ஒருவன். அதனால் பதில் எழுதாமல் போக மனம் வரவில்லை.

ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதில் அந்தக் கட்டை, அதாவது வுட் பிளாக், மட்டும்தான் பளிச்சென்று கேட்கும், அடியில் நடப்பது எதுவும் வராது.

ஓஹையோவில் படித்தபோது, ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்திய ஓர் ஆர்கெஸ்ட்ராவில் தாளவாத்தியப் பிரிவில் இருந்தேன். சிறுவயதில் எட்டு வருடம் மிருதங்கம் கற்றவன். வுட் பிளாக்கைக் கொடுத்தபோது சுலபம் என்றே நினைத்தேன். முதல் ஒத்திகையில் அரை நிமிடம் தாண்டவில்லை. கட்டை ஒரே சீராக நடக்கும், கிளாரினெட்டும் சிந்தசைசரும் அதன் இரட்டை வேகத்தில் ஓடும், பித்தளை வாத்தியங்களின் அழுத்தமோ வேறெங்கோ விழும். காது அந்தப் பக்கம் போனால் கையும் கூடவே போய்விடும். ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டர் மூன்று முறை நிறுத்தினார். மூன்று முறையும் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

போதாததற்கு நான் நிற்பது கடைசி வரிசை. 15 மீட்டர் தள்ளியிருக்கும் வயலின் ஒலி என்னிடம் வர ஒரு நொடியில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு ஆகும். அதைக் கேட்டுத் தட்டினால் முன்னால் இருப்பவர்களுக்கு நான் இன்னும் பிந்தியே கேட்பேன். இந்த வேகத்தில் எல்லாம் கலைய அது போதும். அதனால் காதை விட்டுவிட்டு கண்டக்டரின் கோலைப் பார்த்தே தட்ட வேண்டும்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் ஐந்தைந்தாகவும் ஏழேழாகவும் எண்ணும் தாளச் சொற்கட்டுகளைச் சொல்லிப் பதிவுசெய்து அனுப்பினார். “நான் என்ன சொன்னாலும் நீ தாளத்தை விடாதே” என்றார். இரண்டு வாரம் அதை ஓடவிட்டு மேஜையில் தட்டினேன். கர்நாடக இசையோடு ஒப்பிடுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். இரண்டும் ஒன்று என்று சொல்லவில்லை. தாளம் போடுகிறவர் அசையக் கூடாது என்பது இரண்டிலும் உண்டு, அவ்வளவுதான்.

சரி, ஏன் பெரிய ஆர்கெஸ்ட்ரா? இது ஒரு ஃபேன்ஃபேர், விழாவைத் தொடங்கிவைக்கும் முழக்கம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸின் மான்ஸ்ஃபீல்டில் நடந்த கிரேட் வுட்ஸ் விழாவுக்காக எழுதப்பட்டு, 1986இல் மைக்கேல் டில்சன் தாமஸ் நடத்த பிட்ஸ்பர்க் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா முதலில் வாசித்தது. 4 டிரம்பெட், 4 ஹார்ன், 3 டிராம்போன், ட்யூபா என்று பித்தளை வாத்தியங்கள் எல்லாம் ஒரு சின்னக் கட்டைக்குக் கட்டுப்பட்டு ஓடுகின்றன. பத்துப் பேர் வாசித்தால் அந்த இறுக்கம் வராது. கடைசியில் டிரம்பெட்டுகளின் நீண்ட மெட்டு விரியும்போது நெஞ்சு திறப்பதும் அந்த இறுக்கத்தால்தான். நீளம் குறைவு என்பதால் சுலபமும் இல்லை. ஒரு மணி நேர சிம்பொனியில் தடுமாறினால் மீள இடம் உண்டு, இதில் கிடையாது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உயிரோடு இருப்பவர்கள் எழுதியதைக் கச்சேரிக்காரர்கள் பெரும்பாலும் முதலில் வைக்கிறார்கள். தாமதமாக வருகிறவர்களை முதல் உருப்படி முடியும் வரை உள்ளே விடுவதில்லை. அப்படியென்றால் அவர்கள் தவறவிடுவது பெரும்பாலும் புதிய இசையைத்தான். இடைவேளைக்கு அப்புறம் வைத்தால் என்ன குறைந்துவிடும்? எங்கள் கச்சேரியில் ஒரு அடிகூட நான் பிசகவில்லை. வண்டி நிறுத்த இடம் தேடி அலைந்த என் நண்பர்கள் மூன்று பேர் அந்த நான்கு நிமிடமும் மூடிய கதவுக்கு வெளியே நின்றிருந்தார்கள்.