சொந்தக் காசில் அபுனைவு நூல் போடுகிறவர்களுக்கு: கேள்வி பதில்

மெய்ப்புத் திருத்தமும் செம்மையாக்கமும் என் தொழில். பதிப்பகத்தை நம்பாமல் தாங்களே நூல் கொண்டுவருகிற சிங்கப்பூர்க்காரர்களோடுதான் அதிகம் வேலை செய்கிறேன். வாழ்க்கை வரலாறு, வட்டார வரலாறு, தொழில் அனுபவம், பயணம், சமையல் என்று நடந்ததை எழுதுகிறவர்கள் கேளுங்கள். கதை, கவிதை என் பக்கம் வேண்டாம். கேட்டவர்களை அவரவர் வட்டாரப் பெயரால் குறித்திருக்கிறேன்.

ஈசூன்: அக்கா, ஐஎஸ்பிஎன் (நூலுக்கான பன்னாட்டு அடையாள எண்) எங்கே வாங்குவது? அச்சகத்தில் அதற்குத் தனியாகக் காசு கேட்கிறார்கள்.

தேசிய நூலக வாரியத்திடம் நீங்களே நேரடியாக விண்ணப்பியுங்கள், நடுவில் யாரும் வேண்டாம். எண் யார் பெயரில் பதிவாகிறதோ அவர்தான் வெளியீட்டாளர், அதனால் அச்சகத்தின் பெயரில் வாங்கவே வாங்காதீர்கள். இங்கே பெரும்பாலும் 978-981 என்று தொடங்கும். சாதா அட்டைக்கு ஓர் எண், கெட்டி அட்டைக்கு வேறு, மின்னூலுக்கு வேறு. ஒரு மாற்றமும் இல்லாத மறு அச்சுக்குப் பழைய எண்ணே போதும். அப்புறம், புத்தகம் வெளிவந்து 4 வாரத்துக்குள் 2 பிரதிகளை வாரியத்துக்குக் கொடுத்தாக வேண்டும், இது சட்டம். இங்கே வெளியாகும் மின்னூல்களும் 2019 முதல் இந்தச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. கடமைக்கு என்று நினைக்காதீர்கள், உங்கள் பேரப்பிள்ளை தேடும்போது கிடைக்கப்போவது அந்த 2 பிரதிதான்.

ஜூரோங் வெஸ்ட்: அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். அவரைப் பற்றியும் அங்கே இருந்த குடியிருப்பு பற்றியும் 140 பக்கம் எழுதியிருக்கிறேன். கையில் இருப்பது கொஞ்சப் பணம். எதற்குச் செலவு செய்வது, எதை விடுவது?

இந்த மாதிரி நூலுக்காகத்தான் நான் இந்த வேலையிலேயே இருக்கிறேன். 1938இல் திறந்த தளம், 1971இல் பிரிட்டிஷ் படை கிளம்பியதும் அங்கிருந்த வாழ்க்கையே கலைந்துபோனது. அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கே இன்று முடி நரைத்துவிட்டது. நீங்கள் எழுதாவிட்டால் யார் எழுதுவது?

பணத்தை முதலில் செம்மையாக்கத்தில் போடுங்கள். உங்களை அறியாத ஒருவர் முழுவதும் படித்து, "இந்த லைன் வீடு எங்கே இருந்தது, இந்த ஆண்டு சரியா, இவர் யார்" என்று கேட்க வேண்டும். சொந்தக்காரர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள், அவர்களுக்கு எல்லாம் தெரியும். இரண்டாவது, பெயரடைவு. நூலின் கடைசியில் ஆட்கள், தெருக்கள், கடைகள், கோயில், பள்ளி எல்லாவற்றையும் பக்க எண்ணோடு போடுங்கள். தமிழில் சொந்தமாக வரும் நூல்களில் இதை அநேகமாக யாரும் செய்வதில்லை, ஆனால் ஆய்வு செய்கிற பிள்ளைகள் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். மூன்றாவது, நல்ல வரைபடம் ஒன்று, கையால் வரைந்தாலும் சரி.

குறைக்க வேண்டியது வெளியீட்டு விழாவை. மண்டபம், பொன்னாடை, இரவுச் சாப்பாடு என்று ஆயிரக்கணக்கான வெள்ளி போய்விடுகிறது, ஆனால் நூலுக்குள்ளே அப்பாவின் பெயரே இரண்டு விதமாக அச்சாகியிருக்கிறது. விழாவே வேண்டாம் என்று சொல்லவில்லை. நூலக அறை ஒன்றில் தேநீரோடு நடத்தினாலும் அது விழாதான்.

இன்னொன்று, இதை எல்லாருக்கும் சொல்வேன்: பக்க வடிவமைப்பாளரிடமிருந்து பிடிஎஃப் மட்டும் வாங்காதீர்கள், திறந்து திருத்தக்கூடிய மூலக் கோப்பையும் எழுத்துருக்களையும் படங்களையும் சேர்த்து வாங்குங்கள். அது கைக்கு வராமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

செங்காங்: சென்னையில் அடித்தால் மலிவு என்கிறார்களே?

அச்சுக்கூலி மலிவுதான். கணக்கை முழுதாகப் போடுங்கள். 140 பக்க, டெம்மி அளவு நூல் ஏறக்குறைய 200 கிராம் வரும், 300 பிரதி என்றால் 60 கிலோ. அதற்கு அனுப்புக் கட்டணம். சரக்கின் மதிப்பு 400 வெள்ளிக்கு மேல் போனால் இங்கே இறக்கும்போது 9 விழுக்காடு பொருள் சேவை வரி, அதுவும் அனுப்புக் கட்டணத்தையும் காப்புறுதியையும் சேர்த்த தொகைக்கு. விழாத் தேதிக்கு நெருக்கி அனுப்பி, பெட்டி வராமல் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவசரமில்லை, நிறையப் பிரதி வேண்டும் என்றால் சென்னை. 50, 100 போதும் என்றால் இங்கேயே டிஜிட்டலில் அடியுங்கள். எங்கே அடித்தாலும் மூலக் கோப்பு உங்களிடம் இருக்கட்டும்.

பாசிர் ரிஸ்: மின்னூலுக்குத் தனி ஐஎஸ்பிஎன் வேண்டுமா?

ஈசூன்காரருக்குச் சொன்ன பதிலிலேயே இருக்கிறது.

கேலாங்: பல வருடமாக பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து வைத்திருக்கிறேன். யூனிகோடுக்கு மாற்றினால் பிழை வருமா?

வரும், ஆனாலும் மாற்றியே ஆக வேண்டும். பாமினி கோப்பைத் தேட முடியாது, மின்னூலாக்க முடியாது, எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். மாற்றிய பிறகு கொம்பு வரும் எழுத்துகளைக் கவனியுங்கள், கொ, கோ, கௌ மூன்றும்தான் அதிகம் உடையும். இடையில் ஆங்கிலச் சொல்லோ மேற்கோள் குறியோ இருந்தால் அதுவும் தமிழெழுத்தாக மாறியிருக்கும். இன்டிசைன் மென்பொருளில் வடிவமைக்கிறவருக்கு ஒரு தகவல்: பத்தி அமைப்பில் 'வேர்ல்ட்-ரெடி கம்போசர்' என்று ஒன்று இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் நிற்கும். மாற்றியபின் ஒருமுறை முழுதாகத் தாளில் அச்செடுத்துப் படியுங்கள். திரையில் படிப்பது போதாது.

உட்லண்ட்ஸ்: என் தாத்தா சொல்லச் சொல்லப் பதிவுசெய்து எழுதிய நூல் இது. ஜப்பான்காரன் வந்த அதே மாதம் நேதாஜி பாடாங் திடலில் பேசியதை நேரில் கேட்டேன் என்று சொல்கிறார். செம்மையாக்கியவர் அந்தப் பத்தியை எடுக்கச் சொல்கிறார். எடுக்க வேண்டுமா?

எடுக்க வேண்டாம். அப்படியே விடவும் வேண்டாம்.

சிங்கப்பூர் விழுந்தது 1942 பிப்ரவரி 15. நேதாஜி இங்கே வந்து சேர்ந்தது 1943 ஜூலையில். 4ஆம் தேதி கேத்தே கட்டடத்தில் இந்திய சுதந்திர லீக்கின் தலைமையை ஏற்றார், மறுநாள் பாடாங்கில் இந்திய தேசிய ராணுவத்தைப் பார்வையிட்டுப் பேசினார். 1942 பிப்ரவரியிலும் ஒரு பெருங்கூட்டம் நடந்தது, ஆனால் அது 17ஆம் தேதி ஃபேரர் பார்க்கில். சரணடைந்த இந்தியச் சிப்பாய்களை அங்கே கூட்டி ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள், மேடையில் பேசியவர்களில், அந்த ராணுவத்தை முதலில் அமைத்த மோகன் சிங் ஒருவர். தாத்தா ஒருவேளை இரண்டையும் பார்த்திருக்கலாம், அல்லது ஒன்றைப் பார்த்து மற்றதைக் கேள்விப்பட்டிருக்கலாம். இத்தனை வருடத்தில் இரண்டும் ஒன்றாகக் கலந்திருக்கிறது. அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே போட்டு, கீழே அடிக்குறிப்பில் இந்தத் தேதிகளைக் கொடுங்கள்.

உட்லண்ட்ஸ் (மறுபடியும்): அப்படியென்றால் என் தாத்தா பொய் சொன்னார் என்று நான் அச்சில் போட வேண்டுமா அக்கா? அவர் அங்கே இருந்தவர்.

இல்லை தம்பி, பொய் என்ற சொல்லையே நான் சொல்லவில்லை. நினைவு தேதிவாரியாக அடுக்கி வைத்துக்கொள்வதில்லை, எது மனதை உலுக்கியதோ அதை முன்னால் கொண்டுவந்து வைக்கும். பசியும் பயமுமாக இருந்த அந்த முதல் மாதத்தோடு அந்தக் குரல் ஒட்டிக்கொண்டது என்றால், நேதாஜியின் பேச்சு இங்கிருந்த சாதாரணத் தமிழனுக்கு என்னவாக இருந்தது என்பதற்கு அதுவே சான்று. அடிக்குறிப்பு இருந்தால்தான் படிக்கிறவர் அதைப் புரிந்துகொள்வார். இல்லாவிட்டால் விவரம் தெரிந்த முதல் வாசகர் அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் நூலையே மூடிவிடுவார், தாத்தா சொன்ன மற்ற உண்மைகளும் அதோடு போய்விடும்.

தெம்பனிஸ்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். தேதி, அடிக்குறிப்பு என்று ஆவணத்தையே பிடித்துக்கொள்கிறீர்கள், அந்த ஆவணமெல்லாம் வெள்ளைக்காரனும் ஜப்பான்காரனும் எழுதி வைத்தது. கூலிக்கு வந்த நம் ஆட்களைப் பற்றி அதில் என்ன இருக்கிறது? நமக்கு வாய்மொழிதான் வரலாறு.

ஐயா, பாதி ஒத்துக்கொள்கிறேன். ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்களில் பலருக்குப் பெயர்ப்பட்டியல்கூடக் கிடையாது, அங்கே வாய்மொழியை விட்டால் வழியில்லை. ஆனால் வாய்மொழி என்றால் சரிபார்க்கக் கூடாது என்று அர்த்தமில்லை. தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979இல் தொடங்கியது, தமிழில் பேசியவர்களின் பதிவுகளும் அங்கே உண்டு. அவர்கள் செய்வதைப் பாருங்கள்: யார் பேசினார், யார் கேட்டார், என்றைக்குப் பதிவானது எல்லாம் குறித்திருக்கும். நம் நூல்களில் "பெரியவர்கள் சொல்வார்கள்" என்று முடித்துவிடுகிறோம். எந்தப் பெரியவர், எப்போது, யாரிடம் சொன்னார்? அதைக்கூட எழுதாமல் விட்டால் நம் ஆட்களின் பெயரை நாமே இன்னொரு முறை அழிக்கிறோம். அதனால்தான் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. தமிழ்ப் பத்திரிகையே நமக்கு ஆவணம் இல்லையா? தமிழ் முரசு 1935இலிருந்து வருகிறது, பழைய இதழ்கள் நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் இருக்கின்றன. போய்த் தேடுங்கள்.

புக்கிட் பாத்தோக்: இவ்வளவு தொல்லைக்கு நாவலாக எழுதிவிட்டால் போகிறது!

எழுதலாம், ஆனால் அட்டையில் நாவல் என்று போடுங்கள். கற்பனையாக உரையாடல் எழுதி, தேதியை மாற்றி, அதை வரலாறு என்று விற்கிற நூல்கள்தான் எனக்குப் பிரச்சினை.

தெம்பனிஸ் (மறுபடியும்): எல்லாருக்கும் அடிக்குறிப்பு போடத் தெரியாது. படித்தவர்கள் மட்டும்தான் எழுத வேண்டுமா?

இல்லவே இல்லை. அடிக்குறிப்பு என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். "இதை 2019 தீபாவளியன்று எங்கள் வீட்டில் சின்ன அத்தை சொன்னார்" என்று ஒரு வரி எழுதினால் அதுதான் அடிக்குறிப்பு. எழுதப் படிக்கத் தெரிந்த யாராலும் முடியும்.

பொங்கோல்: ஐஎஸ்பிஎன் எப்படி…

மேலே. முதல் பதில்.

தோ பாயோ: கிண்டிலில் போட்டால் போதாதா?

தமிழ் மின்னூலை கேடிபியில் (அமேசானின் சொந்த வெளியீட்டுத் தளம்) போடலாம், நன்றாகவே படிக்க வரும். அதன் 'செலக்ட்' திட்டத்தில் சேர்ந்தால் 90 நாளைக்கு அந்த மின்னூலை வேறெங்கும் கொடுக்க முடியாது, இலவசமாகக்கூட. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை: சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் வருமான வரி உடன்பாடு இல்லை, அதனால் அமெரிக்க விற்பனையில் வரும் உரிமைத்தொகையில் 30 விழுக்காட்டைப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் கையில் புத்தகமாக வேண்டும் என்பார்கள், ஆகவே அச்சையும் விடாதீர்கள்.

கிளமெண்டி: குறிப்புகளைக் கொடுத்து ஏஐயை எழுத வைத்தால் என்ன? நேரம் மிச்சம்.

உங்கள் அம்மாவின் வாழ்க்கையை எழுத நேரத்தை ஏன் மிச்சம் பிடிக்கிறீர்கள்? ஏஐ எழுதிய பகுதி இருந்தால் கேடிபியில் 2023 முதல் அதைச் சொல்லியே ஆக வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், நடக்காத தேதியையும் இல்லாத நூலையும் அது அழகான தமிழில் எழுதிக் கொடுக்கும், படிக்கும்போது சந்தேகமே வராது. ஒலிப்பதிவை எழுத்தாக்க உதவிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதையும் காதால் கேட்டுச் சரிபாருங்கள்.

சுவா சூ காங்: சீருடைப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். அனுபவங்களை எழுதலாமா?

எழுதுவதற்கு முன் நீங்கள் இருந்த துறையிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள் ஐயா. அதிகாரத்துவ ரகசியச் சட்டம் ஓய்வு பெற்றதோடு முடிந்துவிடாது. மற்றதை வழக்கறிஞரிடம் கேளுங்கள், இது என் துறை இல்லை.

அங் மோ கியோ: அட்டைப் படத்தைக் காசு கொடுத்து எடுத்தோம். அது எங்களுடையதுதானே?

அப்படி நினைத்துக்கொள்ளாதீர்கள். 2021 நவம்பர் 21இல் புதிய பதிப்புரிமைச் சட்டம் நடப்புக்கு வந்த பிறகு, எழுத்தில் வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் நீங்கள் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் உரிமை எடுத்தவருக்கே. ஒரு பக்க ஒப்பந்தம் போதும், கையெழுத்து வாங்குங்கள். பழைய நாளிதழ்ப் படங்களுக்கும் உரிமையாளரிடம் கேட்க வேண்டும், இணையத்தில் பார்க்கக் கிடைக்கிறது என்பது அனுமதி ஆகாது. மூலக் கோப்பையும் வாங்கி வையுங்கள், திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம்.

ஹவ்காங்: என் கவிதைத் தொகுப்பை…

தமிழ் எழுத்தாளர் கழகத்தில் கேளுங்கள்.

உட்லண்ட்ஸ் (மூன்றாம் முறை): சரி அக்கா, அடிக்குறிப்பு போடுகிறேன். தாத்தாவின் பெட்டியில் ஒரு பழைய சீட்டு கிடைத்தது, அதில் 2603 என்று இருக்கிறது. வரிசை எண்ணா?

ஆண்டாக இருக்க வாய்ப்பு அதிகம். சிங்கப்பூரை சியோனான் என்று அழைத்த காலத்தில் ஜப்பானியர் தங்கள் பேரரசுக் கணக்கில் ஆண்டைப் போட்டார்கள், 2602 என்றால் 1942, 2603 என்றால் 1943. பக்கத்தில் மாதமும் நாளும் போல எண்கள் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், நேதாஜி வந்த ஆண்டில் தாத்தா எங்கே இருந்தார், என்ன வேலையில் இருந்தார் என்பதற்கு உங்களிடம் தாளே இருக்கிறது! அந்தப் பத்திக்குப் பக்கத்திலேயே சீட்டின் படத்தைப் போடுங்கள். இரண்டு பக்கமும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள், செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யவே செய்யாதீர்கள். தாத்தாவிடம் சீட்டைக் காட்டி மறுபடியும் பேச வைத்துப் பதிவுசெய்யுங்கள், என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதி நாளைக்கு அனுப்புகிறேன். முதல் பதிவு கைத்தொலைபேசியில் மட்டும் இருந்தால் இன்று ராத்திரியே இன்னோர் இடத்தில் நகல் எடுத்து வைத்துவிடுங்கள்.