38 நொடியில் நிற்கும் 12 வயது மகளுக்கு

50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீச்சலில் மகளின் நேரம் 38 நொடியிலிருந்து குறையவில்லை, 'உயரமில்லை, பிறவித் திறமையில்லை' என்று கோச் சொல்லிவிட்டார் என்கிறீர்கள். வளர்ச்சி முடியாத வயதில் அது அவசரத் தீர்ப்பு. உடல்வாகு உதவும்தான், ஒலிம்பிக் நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸின் உயரம் 193 செ.மீ., கைவிரிப்பு (இரு கைகளையும் விரித்தால் வரும் அகலம்) 201. ஆனால் 38 நொடியில் தடுப்பது பெரும்பாலும் நீரின் இழுவை.

25 மீட்டருக்கு எத்தனை கைவீச்சு என்று எண்ணுங்கள். எண்ணிக்கை 25-ஐத் தாண்டினால் முழங்கை தாழ்ந்து நீர் நழுவுகிறதா, தலை தூக்குவதால் இடுப்பு அமிழ்கிறதா என்று பக்கவாட்டில் வீடியோ எடுத்துப் பாருங்கள். வாரம் மூன்று நாள் 25 மீட்டரை 8 முறை நீந்தட்டும், இடையில் 30 நொடி ஓய்வு. நேரம் கூடாமல் ஒரு வீச்சைக் குறைக்கட்டும். வீச்சு குறைந்து நேரம் கூடினால் அது வெறும் மிதப்பு.

சுவரை உதைத்ததும் நாலைந்து டால்ஃபின் கிக் (இரு கால்களையும் சேர்த்து அலைபோல் உதைப்பது) அவசியம். விதி 15 மீட்டர் வரை நீருக்கடியில் விடுகிறது. பிள்ளைகள் பலர் மூன்று மீட்டரிலேயே மூச்சுக்கு மேலே வந்துவிடுகிறார்கள்.